கேமரா சாகல, ஃபோம்தான் செத்துப்போச்சு

பழைய ஃபிலிம் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, புது பேட்டரி போட்டு, ஷட்டர் "டக்"னு அடிக்கிற சத்தம் கேட்டதும் யாருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். அடுத்த நாளே ஒரு ரோல் வாங்கி, 36 படமும் எடுத்து, லேபுக்கு அனுப்பறோம். ஸ்கேன் வந்ததும் பார்த்தா, பாதிப் படத்து மேல ஆரஞ்சு கலர்ல தீப்பிடிச்ச மாதிரி ஒரு கோடு. "கேமரா போச்சுப்பா"ன்னு முடிவு பண்ணி அது திரும்ப அலமாரிக்கே போயிடும். இல்லைன்னா "பார்ட்ஸுக்கு மட்டும்"னு போட்டு அடிமாட்டு விலைக்கு வித்துடுவாங்க.

இப்படி ஒதுக்கப்படற கேமராக்கள்ல நிறைய கேமராவுக்கு லென்ஸ் நல்லா இருக்கும், ஷட்டர் நல்லா இருக்கும், மீட்டர்கூட வேலை செய்யும். போனது என்னன்னா, பின் கதவு ஓரமா ஒட்டியிருக்கிற ஒரு கறுப்பு ஃபோம் பட்டை. அகலம் ஒரு தீக்குச்சி அளவுதான். அதுக்குப் பேர் லைட் சீல். அதை மாத்த ஒரு மதியம் போதும். செலவும் ஒரு ரோல் விலையைத் தாண்டாது. இப்போ கலர் ரோல் ஒண்ணே ஆயிரம் ரூபாயைத் தொடுது, டெவலப், ஸ்கேன் தனி. சீலை மாத்தாம ரோல் ரோலா போட்டுப் பார்க்கிறதுதான் உண்மையிலேயே காஸ்ட்லியான வழி.

ஒரு தக்கனூண்டு ஃபோமுக்கு இவ்வளவு மரியாதையான்னு தோணலாம். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபிலிம் பொட்டியில் எழுதியிருக்கிற ஐ.எஸ்.ஓ. எண் சும்மா வச்சது இல்லை. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிமுக்கு, 0.8-ஐ அந்த எண்ணால் வகுத்தா, ஃபிலிம்ல ஒரு மெல்லிய கறுப்பு விழ எத்தனை லக்ஸ்-செகண்ட் வெளிச்சம் வேணும்னு வந்துடும். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு அது 0.002 லக்ஸ்-செகண்ட். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். அதாவது வெயில் நேரா பட்டா 20 நானோ செகண்ட்ல ஃபிலிம்ல தடம் விழுந்துடும். அதே கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வெயில்ல சுத்தறீங்கன்னு வச்சுக்கோங்க. 1 லட்சம் லக்ஸ் பெருக்கல் 3600 செகண்ட். ஃபிலிம் தப்பிக்கணும்னா வெளியில இருக்கிற வெளிச்சத்தை சுமார் 18,000 கோடியில் ஒரு பங்கா குறைச்சாகணும்.

கதவு மூடியிருக்கேன்னு கேட்டா, மூடியிருக்கிறது வேற, வெளிச்சம் புகாம இருக்கிறது வேற. உலோகமும் உலோகமும் தொடற இடத்துல எப்பவும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். அதனால கேமராவோட உடம்புல ஒரு பள்ளம் வெட்டி, கதவோட விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கற மாதிரி செஞ்சாங்க. வெளிச்சம் நேரா வர முடியாது. சுவர்ல முட்டி முட்டி வளைஞ்சுதான் வரணும். நல்ல மேட் கறுப்புப் பரப்பு ஒரு முட்டலுக்கு 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புதுன்னு வச்சுக்கிட்டா, நம்ம 18,000 கோடி கணக்குக்கு 9 முட்டல் வேணும். ரொம்ப மோசமான நிலைமைக்குப் போட்ட கணக்குதான் இது. ஆனா ஒரே ஒரு பள்ளத்துல 9 முட்டல் கிடைக்கிறது கஷ்டம்னு புரியுதில்லையா? அந்தப் பள்ளத்துக்குள்ள ஃபோமை வச்சா கதை மாறிடும். ஃபோமோட ஒவ்வொரு குட்டி அறையும் ஒரு சுவர். கதவு அதை அமுக்கும்போது இடைவெளியும் அடைஞ்சுடும்.

1954-ல வந்த லைக்கா எம்3 மாதிரி கேமராக்கள் இந்த ஃபோமை நம்பியே இல்லை. அடித்தட்டைக் கழட்டித்தான் அதுல ஃபிலிம் போடணும். உலோகத்தையே துல்லியமா மடிச்சு, பொருத்தி, வெளிச்சத்தை நிறுத்தினாங்க. பழைய கேமராக்கள் சிலதுல கம்பளி நூல் இருக்கும். 1970கள்ல ஜப்பான் கம்பெனிகள் எஸ்.எல்.ஆர். கேமராவை லட்சக்கணக்குல செய்ய ஆரம்பிச்சப்போ ஃபோம் ரொம்ப வசதியா இருந்துச்சு. டாலரன்ஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ஃபோம் அமுங்கி சமாளிச்சுடும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது நல்லாவே புரியும்: கேஸ்கெட் போட்டா ரெண்டு முகத்தையும் கண்ணாடி மாதிரி தேய்க்க வேண்டியதில்லை.

விலை பின்னாடி வந்துச்சு. அந்த ஃபோம்ல பெரும்பாலும் பாலிஎஸ்டர் வகை பாலியூரித்தேன்தான். எஸ்டர் பிணைப்புக்குத் தண்ணி ஆகாது. காத்துல இருக்கிற ஈரம் மெதுவா அதை வெட்டும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில படிச்ச ஹைட்ராலிசிஸ்தான். வெட்டுப்பட்ட இடத்துல ஒரு அமிலம் உருவாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்தும். அதனாலதான் பல வருஷம் நல்லா இருந்த ஃபோம் திடீர்னு ஒரு கட்டத்துல மளமளன்னு போயிடுது. ரொம்ப நாளா பெட்டியிலேயே வச்சிருந்த ஸ்போர்ட்ஸ் ஷூவை எடுத்துப் போட்டு நாலு அடி நடந்ததும் அடிப்பாகம் பிட்டு பிட்டா உதிரும் பாருங்க, அதே வியாதிதான். பழைய ஸ்பீக்கர் கோனைச் சுத்தியிருக்கிற ஃபோம் வளையம் உதிர்றதும் இதேதான். கேமராவைப் பயன்படுத்தாம பத்திரமா வச்சிருந்தேன்னு சொல்றது இங்க செல்லாது. நம்ம ஊர் கடற்கரை ஈரத்துல, காத்துப் புகாத தோல் பைக்குள்ள பூட்டி வச்சா நிலைமை இன்னும் மோசம்தான் ஆகும்.

சரி, உங்க படத்துல இருக்கிறது சீல் லீக்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்கேனை மட்டும் பார்த்தா பத்தாது. லேப்ல இருந்து நெகட்டிவைக் கேட்டு வாங்குங்க. பல லேப் நீங்களா கேட்டாதான் கொடுப்பாங்க. நெகட்டிவ்ல கறை படத்தோட சட்டத்தைத் தாண்டி, ஓரத்துல துளைகள் இருக்கிற பகுதிக்கும், ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிக்கும் ஓடியிருந்தா, வெளிச்சம் கதவு வழியா வந்திருக்கு. கறை சட்டத்துக்குள்ளேயே கச்சிதமா நின்னுட்டா அது ஷட்டர் திரையிலயோ லென்ஸ்லயோ இருக்கிற பிரச்சனை, ஃபோமை மாத்தி பிரயோஜனம் இல்லை. ரோலோட முதல் ஒண்ணு ரெண்டு படத்துல மட்டும் கறைன்னா, வெயில்ல நின்னு ரோல் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்.

அந்தக் கறை ஏன் எப்பவும் ஆரஞ்சு, சிவப்பா இருக்கு? கலர் நெகட்டிவ்ல லென்ஸ் பக்கம் முதல்ல நீல நிறத்தைப் பதியற அடுக்கு, அப்புறம் பச்சை, கடைசியா சிவப்பு. கதவு வழியா வர்ற வெளிச்சம் ஃபிலிமோட முதுகுல படுது. அங்க முதல்ல மாட்டறது சிவப்பு அடுக்குதான். இந்த ஆரஞ்சுக் கோட்டைத்தான் ஃபோன் ஆப்ல "லைட் லீக் ஃபில்டர்"னு காசு கொடுத்து வாங்கறாங்க. நம்மகிட்ட அசலே இருக்கு, வேண்டாம்கிறோம்.

இன்னொரு குழப்பம். கேமராவை நேரா பிடிச்சு எடுத்த படத்துல கறை கீழ் ஓரத்துல இருந்தா, லீக் கேமராவோட மேல் பள்ளத்துல இருக்கு. லென்ஸ் படத்தைத் தலைகீழாத்தான் ஃபிலிம்ல விழ வைக்கும். வெளிச்சம் புகுறது அப்படி இல்லை, மேல புகுந்தா மேலதான் படும். படத்தைத் திருப்பி நேராக்கும்போது கறை கீழ போயிடுது. மேல் கீழ் பள்ளத்து லீக்ல பல சமயம் ஃபிலிம் துளைகளோட நிழலும் வரிசையா விழுந்திருக்கும். குறுக்கால, மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டையா ஓடினா முதல்ல கதவோட கீல் பக்கத்தைச் சந்தேகப்படுங்க.

உதாரணத்துக்கு கேனன் ஏஇ-1-ஐ எடுத்துக்கலாம். 1976-ல வந்தது, மைக்ரோபிராசஸர் வச்ச முதல் எஸ்.எல்.ஆர்.னு பேர் வாங்கினது, இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட்ல சுலபமா மாட்டறது. அதோட ரீவைண்ட் குமிழை மேல இழுத்தா பின் கதவு திறக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: உடம்போட மேலயும் கீழயும் நீளமா ஓடற ரெண்டு பள்ளம், வலது பக்கம் கீல் ஓரமா இருக்கிற கொஞ்சம் அகலமான பட்டை, அப்புறம் லென்ஸைக் கழட்டினா உள்ளே கண்ணாடி மேல போய் மோதற இடத்துல ஒரு குட்டிப் பட்டை. வேற கேமராக்கள்ல தாழ்ப்பாள் பக்கமும் இருக்கலாம். பின் கதவுல ரோல் பேரைப் பார்க்க ஜன்னல் இருந்தா அதைச் சுத்தியும் இருக்கும். ஒரு பல் குச்சியால லேசா தொட்டுப் பாருங்க. அமுங்கித் திரும்பி எழுந்தா உயிர் இருக்கு. பொடியா உதிர்ந்தாலோ, தார் மாதிரி குச்சியில ஒட்டிக்கிட்டு வந்தாலோ வேலை ஆரம்பம்.

இந்த வேலையில முக்கால்வாசி நேரம் பழசைச் சுரண்டறதுலதான் போகும். புதுசை ஒட்டறது கால்வாசிகூட இல்லை. பசங்க அவசரப்படறதும் இங்கதான். பழைய பிசின் மேலேயே புது ஃபோமை ஒட்டினா நிக்காது, உயரமும் கணக்குக்கு மேல போயிடும். எலக்ட்ரானிக்ஸ் லேப்ல பி.சி.பி. துடைக்க வச்சிருக்கிற ஐ.பி.ஏ.தான் இதுக்குச் சரியான மருந்து. கேட்டு வாங்குங்க, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, பக்கத்துல நெருப்பு வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர்ல பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அது பிளாஸ்டிக்கையும் பெயிண்ட்டையும் கரைச்சுடும். ஏஇ-1-ஓட மேல்மூடியே உலோகப் பூச்சு பூசின பிளாஸ்டிக்தான், ஞாபகம் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். மூங்கில் குச்சியோட முனையை உளி மாதிரி சீவிக்கிட்டா பள்ளத்தோட அகலத்துக்குச் சரியா பொருந்தும், பெயிண்ட்டும் பேராது.

சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு காரியம். நடுவுல இருக்கிற ஷட்டர் திரையை மறைக்கணும். ஏஇ-1-ல அது துணித் திரை. அதுமேல பிசின் பட்டாலோ ஐ.பி.ஏ. சிந்தினாலோ இருநூறு ரூபாய் வேலை பெரிய ரிப்பேரா மாறிடும். ஒரு துண்டுக் காகிதத்தை அளவா வெட்டி, ஓரத்துல மட்டும் லேசா ஒட்டற டேப்பால நிறுத்துங்க. டேப் திரையைத் தொடவே கூடாது. கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சு, தூசி உள்ளே விழாம வெளிய விழற மாதிரி வேலை பாருங்க. முதல்ல உலர்ந்தபடியே சுரண்டி எடுத்துட்டு, மிச்சத்துக்கு மட்டும் இயர்பட்ல ஐ.பி.ஏ. தொட்டு துடைங்க. எடுத்ததும் ஊத்தி ஊறவைச்சா பிசின் கரைஞ்சு எல்லா மூலைக்கும் பரவிடும். பஞ்சுல கறுப்பு வர்றது நிக்கற வரைக்கும் துடைக்கணும். பழைய சட்டை போட்டுக்கோங்க, அந்தக் கறை துணியில பட்டா போகவே போகாது.

அடுத்து, எதை வைக்கிறது? ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற கறுப்பு கிராஃப்ட் ஃபோம் ஷீட்தான் எல்லாருக்கும் முதல்ல தோணும். அது ஈ.வி.ஏ., மூடிய அறைகள் இருக்கிற ஃபோம். ஹைட்ராலிசிஸ் பயம் குறைவு, விலையும் குறைவு. ஆனா விறைப்பு அதிகம். குறுகலான பள்ளத்துல 2 மி.மீ. ஷீட்டைத் திணிச்சா கதவு மூடாம முறைக்கும். வலுக்கட்டாயமா மூடினா கீலும் தாழ்ப்பாளும் தினமும் அந்த அழுத்தத்தைத் தாங்கணும். அதோட, ரொம்ப நாள் அமுங்கியிருந்தா அப்படியே தட்டையாகி நின்னுடும், திரும்ப எழாது. கீல் பக்கத்துப் பட்டைக்கு மட்டும் மெல்லிசா கிடைச்சா இதைப் பயன்படுத்தலாம். நீளமான ரெண்டு பள்ளத்துக்கும் என் ஓட்டு கறுப்பு உல்லன் நூலுக்குத்தான். ஃபேன்ஸி ஸ்டோர்ல கிடைக்கும், உருளையா இருக்கிறதால பள்ளத்துல தானா உக்காரும், ரெண்டு முனையில துளி பசை போதும், அடுத்த தடவை இழுத்தா மொத்தமா வந்துடும். குறை என்னன்னா இழை உதிரும். ஒரு முடி ஃபிலிம் முன்னாடி போய் நின்னா படத்துல வானத்துல கறுப்பா ஒரு புழு நெளியும். முறுக்கு நல்லா இருக்கிற, பிசிறு இல்லாத நூலா பார்த்து எடுங்க. ஆன்லைன்ல கேமரா மாடல் வாரியா வெட்டின, பின்னாடி பசை தடவின ஃபோம் கிட்டும் கிடைக்குது. முதல் தடவை பண்றவங்களுக்கு அது சுலபம். அதுவும் ஃபோம்தான், அதுக்கும் ஒரு நாள் ஆயுசு முடியும்.

தடிமன் எவ்வளவுன்னு ஊகிக்காதீங்க, அளக்கலாம். என்ஜின் பேரிங் கிளியரன்ஸ் பார்க்க பிளாஸ்டிகேஜ் வைப்பாங்க இல்லையா, அதே டெக்னிக். குழந்தைங்க விளையாடற கிளேயை நூல் மாதிரி உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள்ல சுத்தி, பள்ளத்துல வச்சு கதவை மூடித் திறங்க. நசுங்கின கிளேயோட தடிமன்தான் இடைவெளி. வைக்கப்போற ஃபோம் அதைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கணும், மூணுல ஒரு பங்கு அமுங்கினா போதும்னு நான் கணக்கு வச்சிருக்கேன். கதவு ஒரு விரல் அழுத்தத்துல "க்ளிக்"னு மூடணும். ரெண்டு கையால நெரிச்சு மூட வேண்டியிருந்தா தடிமன் தப்பு.

பசை தடவின பட்டையைப் பள்ளத்துக்குள்ள இறக்கறதுதான் பொறுமையைச் சோதிக்கும். சுவர்ல பட்ட உடனே அங்கேயே ஒட்டிக்கும். பசைப் பக்கத்துல லேசா தண்ணி தொட்டுக்கிட்டா கொஞ்ச நேரத்துக்கு ஒட்டாது. எச்சில் தொட்டும் பண்ணுவாங்க, யாரும் பார்க்கலைன்னா சரி. ஒரு முனையை முதல்ல உக்கார வச்சு, இழுக்காம, குச்சியால தட்டித் தட்டி இறக்கணும். இழுத்து ஒட்டினா பிறகு சுருங்கி, முனையில இடைவெளி விட்டுடும். பள்ளத்துக்குள்ள ஒரு குட்டி முள் தெரிஞ்சா அதை மூடிடாதீங்க. கதவு திறந்ததும் படம் எண்ணற கவுன்டரை ஆரம்பத்துக்குக் கொண்டுபோறது அதுதான். ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசையை கேமரா பக்கமே கொண்டுபோகாதீங்க. அதோட ஆவி கண்ணாடியிலயும் லென்ஸ்லயும் வெள்ளைப் படலமா படியும்.

கண்ணாடி மோதற இடத்து ஃபோமைப் பலரும் விட்டுடறாங்க, ஏன்னா அது போனதும் படத்துல உடனே தெரியாது. ஒவ்வொரு தடவை ஷட்டர் அமுக்கும்போதும் கண்ணாடி மேல எழுந்து இதுல மோதும். ஃபோம் அந்த அடியை வாங்கிக்கும், வியூஃபைண்டர் வழியா வர்ற வெளிச்சத்தையும் தடுக்கும். பிசினா உருகினா கண்ணாடி அதுல ஒட்டிக்கிட்டு கீழ இறங்கவே மறுக்கலாம். பொடியா உதிர்ந்தா எல்லாம் ஃபோகஸிங் ஸ்கிரீன்ல போய் உக்காரும். இந்த இடத்துல மட்டும் கேமராவை லென்ஸ் வாய் தரையைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு, கண்ணாடி மேலயும் ஸ்கிரீன் மேலயும் காகிதம் வச்சு, ட்வீசரால துளித்துளியா எடுக்கணும். வீட்டுக் கண்ணாடி மாதிரி இல்லை இது, பூச்சு முன்பக்கமே இருக்கு, ஒரு தேய்ப்புல கீறல் விழும். ஸ்கிரீன் பிளாஸ்டிக், ஐ.பி.ஏ. பட்டா கதை முடிஞ்சது. ரெண்டையும் ப்ளோயரால ஊதறதோட நிறுத்திக்கோங்க. வியூஃபைண்டர்ல நாலு புள்ளி தெரிஞ்சா தெரியட்டும், படத்துல அது வராது. இங்க நூலோ ஈ.வி.ஏ.யோ உதவாது, மெத்துமெத்துன்னு இருக்கிற ஃபோம்தான் வேணும், பழசோட உயரத்துக்கு மேல போகக் கூடாது.

ஒலிம்பஸ் ஓஎம்-1 வச்சிருக்கவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 1972-ல எம்-1னு வந்து, லைக்கா ஆட்சேபிச்சதால பேர் மாறின கேமரா அது. அதுல மேல்மூடிக்குள்ள பிரிஸத்தை ஒட்டியும் ஃபோம் இருக்கு. அது உருகி பிரிஸத்தோட வெள்ளிப் பூச்சையே அரிச்சுடும். வியூஃபைண்டர்ல கறுப்புத் திட்டு தெரிய ஆரம்பிச்சா பூச்சு ஏற்கெனவே போயிடுச்சுன்னு அர்த்தம். தெரியறதுக்கு முன்னாடியே மேல்மூடியைத் திறந்து அந்த ஃபோமை எடுத்துடறது நல்லது. ஆனா அது மூங்கில் குச்சி வேலை இல்லை, தெரிஞ்ச ரிப்பேர்காரர்கிட்ட கொடுங்க.

எல்லாம் முடிஞ்சு பசை காய்ஞ்சதும் சோதனை. இருட்டு அறையில கேமராவுக்குள்ள ஒரு குட்டி எல்.ஈ.டி.யை எரிய விட்டு, கதவை மூடி, ஓரத்துல வெளிச்சம் கசியுதான்னு பார்க்கலாம். பெரிய ஓட்டை இருந்தா உடனே மாட்டும். ஒண்ணும் தெரியலைன்னா லீக் இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. கண்ணு அந்தந்த நொடியில வர்றதைத்தான் பார்க்கும். ஃபிலிம் மணிக்கணக்கா சேர்த்து வச்சுக்கும், மேல போட்ட கணக்கு அதுக்குத்தான். அதனால ஃபிலிம்லேயே சோதிக்கணும். விலை குறைவான ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போடுங்க, தேதி முடிஞ்சதா இருந்தாலும் பரவாயில்லை. லென்ஸ் மூடியைக் கழட்டாம ஒரு படம் அடிச்சு, சுத்தி, கேமராவை வெயில்ல வச்சு மேல் பக்கம் பத்து நிமிஷம் காட்டுங்க. அடுத்து ரெண்டு படம் தள்ளி கீழ்ப் பக்கம், இன்னும் ரெண்டு தள்ளி கீல் பக்கம், அப்படியே தாழ்ப்பாள் பக்கம். எந்தப் படத்துல எந்தப் பக்கம்னு ஒரு தாள்ல குறிச்சுக்கோங்க. மிச்ச ரோல்ல வழக்கம்போல படம் எடுத்து முடிச்சுட்டு டெவலப் பண்ணுங்க. நெகட்டிவ்ல லீக் கறுப்பாத்தான் வரும். குறிச்சு வச்ச தாளோட ஒப்பிட்டா எந்தப் பட்டை சரியா உக்காரலைன்னு தெரிஞ்சுடும், அதை மட்டும் எடுத்துத் திரும்ப ஒட்டலாம். ஓரத்துத் துளைப் பகுதியும் படங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் ஒரே சீரா வெளுப்பா இருந்தா, கலர் ரோலைப் பிரிச்சுப் போடலாம்.